நம் மூலத்தை நாமே எழுதுவோம்

ரிஷிமூலமும் நதிமூலமும் ஆராயலாகாது என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. முனிவருக்கும் ஆற்றுக்கும் அது பொருந்துமாயின் பொருந்துக. மலையகத் தமிழனுக்கு அது சிறிதும் பொருந்தாது என்பதே எனது துணிபு. நம்முடைய மூலத்தை நாம் ஆராயாது வாளாவிருந்த காலத்தில், அதனைப் பிறர் ஆராய்ந்தனர். “உன் தகப்பன் எங்கே பிறந்தான்? பாட்டன் எங்கே பிறந்தான்? அதற்குக் கடுதாசி எங்கே?” என்று கேட்டனர். கடுதாசி இல்லாதவன் நாடில்லாதவன் ஆனான். இந்த வரலாற்றை மறவாதவர்கள் நான் இங்கு எடுத்துரைக்கப் போகும் விடயத்தை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடமாட்டார்கள்.

விடயம் இதுதான். குடும்பங்கள் தத்தம் வம்சாவளியை ஒன்றுகூடி எழுதி வைப்பதற்கென்றே இன்று இணையத்தில் சில தளங்கள் இருக்கின்றன. 2007இல் தொடங்கிய ஜெனி ஒன்று. 2008இல் தொடங்கிய விக்கிட்ரீ மற்றொன்று. அமெரிக்காவில் சோல்ட் லேக் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட, மோர்மன் சபை எனப் பலரும் அறிந்த கிறிஸ்தவ சபையொன்று நடத்தும் ஃபேமிலிசேர்ச் மூன்றாவது. பின்னைய இரண்டும் பணம் கேளாதவை. ஜெனியில் அடிப்படை வசதிகள் இலவசம். கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் இவற்றிற் சேரலாம்.

இவற்றின் முறை எளியது. மறைந்த மனிதர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். அப்பக்கத்தில் அவர் பெயர், பிறந்த இடம், இறந்த ஆண்டு, அதற்குரிய சான்று ஆகியன எழுதப்படும். தாய் தந்தையர் பக்கத்தோடும் பிள்ளைகள் பக்கத்தோடும் அது இணைக்கப்படும. நான் எனது பாட்டனாரின் பெயரை எழுதுகிறேன். கடலுக்கு அப்பால் இருக்கும் என் அத்தையின் பேரனும் அதே மனிதரின் பெயரை எழுதுகிறான். இரண்டும் ஒருவரே என்று தெளிந்தால் இரு பக்கங்களும் ஒன்றாக்கப்படும். யார், எப்போது, எதைத் திருத்தினார் என்பதும் பதிவாகிவிடும். ஊர்கூடித் தேர் இழுப்பது போன்ற வேலை இது. தனியொருவன் இழுத்தால் தேர் அசையாது.

ஹட்டனில் நான் இதுபற்றிப் பேச்செடுத்தபோது இளைஞர் சிலர் சிரித்தார்கள். “நாம் என்ன அரச பரம்பரையா, வம்சாவளி எழுதுவதற்கு? கொழுந்து பறித்தார்கள், கவ்வாத்து வெட்டினார்கள், செத்தார்கள். எழுத என்ன இருக்கிறது?” என்று ஒருவர் கேட்டார். அவருடைய கேள்வி நியாயமானதே. அரச பரம்பரைக்கு மெய்க்கீர்த்தி பாடுவதற்குப் புலவர்கள் இருந்தார்கள். நமக்கு யாரும் இல்லை. ஆனால் அரசர்களின் பாட்டனாரை எந்தச் சட்டமும் விசாரிக்கவில்லை. நம் பாட்டனாரைத்தான் விசாரித்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் சொன்னதைச் சற்று நினைவுகூர்வோம். அவ்வாண்டு நவம்பர் 15ஆம் தேதிக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவன், வம்சாவளியால் பிரஜையாக வேண்டுமாயின், அவனுடைய தந்தை இந்நாட்டிற் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இந்நாட்டிற் பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்பது கணக்கில் இல்லை. தோட்டங்களிலே பிறப்புப் பதிவு ஒழுங்காக நடைபெறாத காலத்தில் பிறந்த பாட்டனுக்குச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏறத்தாழ 1,34,000 பேரே ஏற்கப்பட்டனர்.

இங்கே ஒரு விந்தை எனக்குத் தோன்றுவதுண்டு. ஆடி அமாவாசையன்று எள்ளும் நீரும் இறைக்கும் புரோகிதர், தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையின் பெயரைக் கேட்கிறார். நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் அதே மூன்று தலைமுறையைத்தான் கேட்டது. புரோகிதரிடம் பெயர் தெரியாது என்றால் அதற்கும் ஒரு பரிகாரம் சொல்லிச் சடங்கை முடித்துவிடுவார். சட்டத்திடம் அந்தத் தாட்சணியம் இல்லை. அதோடு, புரோகிதர் தாயையும் தாய்வழிப் பாட்டியையும் மறவாமற் கேட்பார். அந்த அளவிலே பழைய சடங்கு புதிய சட்டத்திலும் பெருந்தன்மை உடையது.

நம்மிடம் கடுதாசி இல்லாமற் போனது எப்படி? மொரீசியஸ் தீவுக்குக் கரும்பு வெட்டச் சென்ற நம்மவர்கள் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டுக் கப்பலேறினார்கள். அவர்களுடைய பெயர், தகப்பன் பெயர், கிராமம், கப்பலின் பெயர் ஆகியவை ஏட்டில் ஏறின. பிற்காலத்தில் நிழற்படமும் எடுக்கப்பட்டது. அந்த ஏடுகள் மொகா என்னும் இடத்திலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திற் பாதுகாக்கப்படுகின்றன. அத்தீவின் வழித்தோன்றல் ஒருவர் அங்கு சென்று தம் மூதாதையின் ஊரைக் கேட்டறியலாம். இலங்கைக்கு வந்தவர்களோ கங்காணியின் பின்னால் வந்தவர்கள். கடனும் கணக்கும் கங்காணியின் கையில். முன்னாளில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் மாண்டவர்களை யார் எண்ணினார்கள்? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்த அடையாளம், தோட்டத்தின் இலக்கம் பொறித்த ஒரு தகரத் துண்டு. துண்டு பொருளைச் சேருமிடத்துக்குக் கொண்டுசேர்க்க உதவும். மனிதனின் கதையை அது சொல்லாது.

டிக்கோயாவிலிருந்து காசல்ரீ நீர்த்தேக்கக் கரையோரமாகச் சென்றால் 1878இல் எழுந்த வார்லி தேவாலயத்தைக் காணலாம். அதன் முற்றத்தில் வெள்ளைக்காரத் துரைமாரின் கல்லறைகள் இருக்கின்றன. பிறந்த நாடு, இறந்த தேதி, வயது எல்லாம் கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளன. ஜே. பி. லூவிஸ் என்னும் அதிகாரி இலங்கையிலுள்ள இத்தகைய கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1913இல் நூலாகவே வெளியிட்டார். துரைமாரின் கொள்ளுப்பேரர்கள் இங்கிலாந்தில் இருந்துகொண்டே தம் முன்னோரைக் கண்டுகொள்கிறார்கள். எனக்கு அதிற் பொறாமை இல்லை. இறந்தவருக்குப் பெயர் இருப்பது நல்லதே. அந்தத் துரைமாரின் தோட்டங்களை உண்டாக்கிய மனிதர்கள் தேயிலை நிரைகளின் அருகே மண்ணோடு மண்ணாய்க் கிடக்கிறார்கள். அவர்களுக்குக் கல் இல்லை. மஸ்கெலியாவில் பழைய நகரே மவுசாகலை நீருக்குள் மூழ்கிவிட்டது. தோட்டங்கள் 1970களில் அரசிடம் சென்று, 1992இற் கம்பனிகளின் முகாமைக்கு மாறின. கை மாறிய ஒவ்வொரு முறையும் பழைய செக்ரோல் ஏடுகளில் எத்தனை கறையானுக்கு இரையாயினவோ!

ஆகவே நமக்கு எஞ்சியிருப்பது நினைவு ஒன்றே. அந்த நினைவும் இன்று ஓரிடத்தில் இல்லை. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்றது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இற் செய்த மற்றோர் ஒப்பந்தம் பாதிபாதியாகப் பிரித்தது. ஹட்டன் நிலையத்திலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட கோச்சிகளிலே அண்ணன் ஏறினான், தம்பி மேடையில் நின்றான். ‘அழுகைக் கோச்சி’ என்று மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள். சென்றவர்கள் நீலகிரியிலே கோத்தகிரி, கூடலூர் தேயிலைத் தோட்டங்களிலும், கேரளத்துப் புனலூரிலும், கன்னட நாட்டுச் சுள்ளியாவிலும் இறப்பர்த் தோட்டங்களிலும் குடியமர்த்தப்பட்டார்கள். இங்கிருந்தோரிற் பலர் 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்கு அஞ்சி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தார்கள். 1984இற் கப்பலும் நின்றுபோயிற்று.

இதனால் விளைந்தது என்ன? ஒரே குடும்பத்தின் ஞாபகம் துண்டு துண்டாகப் பிளந்து கிடக்கிறது. என் குடும்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். என் பாட்டனார் எந்தத் தோட்டத்தில் எந்த லயத்தில் இருந்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். அவருடைய தந்தை எந்தக் கிராமத்திலிருந்து வந்தார் என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. கோத்தகிரிக்குச் சென்ற அத்தைக்கு அது தெரிந்திருந்தது. ஊர்ப் பெயரோடு குலதெய்வத்தின் பெயரையும் அவர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் பாட்டனாரைப் புதைத்த இடம் அவர்களுக்குத் தெரியாது. பாதி ஏடு அங்கே, பாதி ஏடு இங்கே. இரண்டையும் சேர்த்துத் தைப்பதற்கு ஓர் ஊசி வேண்டியிருந்தது. பலர் கூடி எழுதும் இந்த இணைய மரம் அத்தகைய ஊசி. தனித்தனியே வீட்டுக்குள் வம்சாவளி எழுதிக்கொள்வது எல்லாச் சமூகத்துக்கும் போதுமானதாக இருக்கலாம். பிரிக்கப்பட்ட சமூகத்துக்குப் பொது மரமே பொருத்தமானது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

எனினும் இத்தளங்கள் மேனாட்டவர் தம் வழக்கத்தை மனத்திற் கொண்டு வகுத்தவை. நம் வழக்கம் வேறு. இறங்குமுன் சில சங்கடங்களை அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, குடும்பப் பெயர். விக்கிட்ரீ தளத்திலே பிறப்பின்போதுள்ள குடும்பப் பெயரைக் கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. நமக்குத் தகப்பன் பெயரே முதலெழுத்து. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். அக்கட்டத்தில் தகப்பன் பெயரை எழுதுவது என்று குடும்பத்தார் அனைவரும் முன்கூட்டியே ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும். ஆளுக்கொரு விதமாக எழுதினால் அண்ணனும் தம்பியும் வெவ்வேறு குலமாகிவிடுவார்கள்.

இரண்டாவது, எழுத்துக் கூட்டல். தோட்டத்துக் கிளாக்கர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயர்கள் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதம், பிரஜாவுரிமைப் பத்திரத்தில் வேறுவிதம், கடவுச்சீட்டில் மற்றொரு விதம். பெயரைத் தமிழ் எழுத்தில் முதலில் எழுதி, ஆவணங்களிற் கண்ட ஏனைய வடிவங்களை அதன் கீழ் எழுதி வைப்பது உத்தமம். தோட்டத்தின் பெயருக்கும் இவ்விதியே. கம்பனி ஏட்டில் ஸ்கொத்லாந்துப் பெயரும் மக்கள் நாவில் தமிழ்ப் பெயருமாக ஒரே தோட்டம் இரண்டாக வழங்குவதை நாம் அறிவோம்.

மூன்றாவதுதான் மிகவும் கவனிக்கத்தக்கது. பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதன் திரிபு. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் அவன். ஒரு குடும்பத்தில் முத்துசாமியின் மகன் கருப்பையா, கருப்பையாவின் மகன் மீண்டும் முத்துசாமி என வருவது இயல்பு. அவசரப்பட்டவர்கள் இரண்டு முத்துசாமிகளையும் ஒருவராக்கிவிட்டால், தந்தை மகனுக்கு மகனாகிவிடுவார்! ஆண்டும் தோட்டமும் மனைவி பெயரும் ஒத்து வந்தாலன்றி இரு பக்கங்களை ஒன்றாக்கலாகாது. மேலும், அத்தை மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கத்தால் நம் மரத்தின் கிளைகள் மீண்டும் ஒன்றோடொன்று சேரும். மாமன் மைத்துனனாவான், பாட்டி கொழுந்தியாவாள். அதைக் கண்டு, படத்தில் ஏதோ பிழை நேர்ந்துவிட்டது என்று எவரும் மிரள வேண்டியதில்லை. நம்முடைய மரம் ஆலமரம்; விழுதும் வேராகும்.

நான்காவது, பெண்கள். பாட்டனின் பெயரைச் சொல்லும் பலர் பாட்டியை ‘ஆயி’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். விடியுமுன் எழுந்து, பிரட்டுக்கு ஓடி, மழையில் நனைந்து கொழுந்து பறித்துக் குடும்பத்தைக் காத்தவளுக்குப் பெயர் இல்லையா? 1948ஆம் ஆண்டுச் சட்டம் தாயைக் கணக்கில் எடுக்கவில்லை என்று குறை கூறும் நாம், நம் கையால் எழுதும் ஏட்டிலும் அவளை விட்டுவிட்டால் அச்சட்டத்தை இயற்றியவர்களைக் குறை கூறும் அருகதை நமக்கு இல்லை.

சான்றுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தாலே போதும். பழைய பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள், பிரஜாவுரிமைப் பத்திரங்கள், கடவுச்சீட்டுகள், திருமண அழைப்பிதழ்கள், கருமாதிப் பத்திரிகைகள், படத்தின் பின்புறம் எழுதிய தேதிகள் எல்லாம் சான்றுகளே. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு உண்டு. கோயிலில் மணியும் குத்துவிளக்கும் உபயமளித்தவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, எழுபதும் எண்பதும் கடந்த முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைச் சொன்னவர் பெயரோடும் தேதியோடும் எழுதுங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே எழுதுங்கள். உறுதியற்றதை உறுதிபோல எழுதினால், அடுத்து வருபவன் அதையே சான்றாகக் கொண்டு இன்னொரு பொய்யைக் கட்டுவான்.

இனி, அஞ்சத்தக்க காரியங்களைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். உயிரோடிருப்பவர்களின் விபரத்தைப் பொதுவில் வைப்பது தவறு. தாயின் கன்னிப் பெயரை வங்கிகள் இரகசியக் கேள்வியாகக் கேட்கும் காலம் இது. இத்தளங்கள் உயிரோடிருப்பவர் பக்கங்களைப் பிறர் பாராதவாறு மறைப்பது உண்மையே. ஆயினும் அடையாள அட்டை இலக்கத்தையும் முகவரியையும் எந்தக் கட்டத்திலும் எழுதாதிருப்பதே அறிவுடைமை. தத்துப் பிள்ளை, இரண்டாந் தாரம் போன்ற வீட்டு இரகசியங்கள் உரியவரின் இசைவின்றி ஏட்டில் ஏறலாகாது.

சாதியைப் பற்றியும் கேட்கிறார்கள். கங்காணிமார் தத்தம் ஊரிலிருந்து தத்தம் உறவினரையும் சாதியினரையும் சேர்த்துக்கொண்டு வந்தார்கள் என்பது வரலாறு. வம்சாவளி எழுதப் புகுந்தால் மறந்துவரும் சாதி மீண்டும் தலைதூக்காதா என்ற அச்சம் அடிப்படையற்றதன்று. ஊரை எழுதுவோம், தோட்டத்தை எழுதுவோம், தொழிலை எழுதுவோம். சாதியை எழுதவேண்டாம் என்பதே என் கருத்து. ஊரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும் என்பார் உளர். துருவிப் பார்ப்பவன் துருவட்டும்; அவனுக்கு நாமே ஒரு கட்டம் வகுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

மற்றுமொன்று, பிறர் வீட்டுப் பெட்டியில் நம் நகையை வைப்பது பற்றியது. ஜெனி 2012 முதல் மைஹெரிட்டேஜ் என்னும் வணிக நிறுவனத்துக்கு உரியது. ஃபேமிலிசேர்ச் நடத்தும் சபையினர், மறைந்த தம் முன்னோருக்காக ஞானஸ்நானச் சடங்கு செய்யும் சமய நம்பிக்கையினாலேயே வம்சாவளியிற் பெருநாட்டம் கொண்டவர்கள். இது மறைபொருளன்று, அவர்களே சொல்வது. இதை அறிந்தபின் எந்தத் தளத்தை நாடுவது என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது. எதை நாடினாலும், எழுதியதை ஒரு கொப்பியில் பிரதியெடுத்து வீட்டிலும் ஒன்று, கடல் கடந்த உறவினரிடம் ஒன்று என வைத்துக்கொள்ள வேண்டும். நிறுவனங்கள் வரும், போகும். கையெழுத்துப் பிரதிக்கு மின்சாரமும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம்.

‘இப்போதுதான் எல்லோருக்கும் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டதே, இனி எதற்கு?’ என்று சிலர் எண்ணக்கூடும். கிடைத்தது எப்படி என்பதை அவர்கள் நோக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிலையாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரிமை அளித்தது. வழித்தோன்றல் என்ற சொல் அங்கும் இருக்கிறது. உரிமையைப் பறித்த சட்டமும் வம்சத்தைக் கேட்டது. உரிமையைத் திருப்பித் தந்த சட்டமும் வம்சத்தைக் கேட்டது. காணி உறுதிக்காகவும் வீட்டுக்காகவும் இன்னும் குரலெழுப்பி வரும் ஒரு சமூகம், தன் தலைமுறைகளை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்திருப்பது நன்று. இணையத்தில் எழுதிய மரம் சட்டத்தின் முன் ஆவணமாகிவிடாது. ஆனால் எந்த ஆவணத்தை எந்த அலுவலகத்தில் தேட வேண்டும் என்பதை அது காட்டித் தரும்.

2023இல், நம் முன்னோர் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அந்நடை நாட்டின் கவனத்தை ஈர்த்தது. நடந்த முன்னோர் இன்னார் என்று பெயர் சொல்லுவதே அடுத்து ஆகவேண்டிய காரியம். அதற்கு மாநாடு வேண்டாம், தலைவர் வேண்டாம், நன்கொடைச் சீட்டும் வேண்டாம். ஹட்டனிலும் டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் உயர்தர வகுப்பிற் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் வருகிற விடுமுறையில் தம் வீட்டு முதியவரிடம் அமர்ந்து நான்கு தலைமுறையை எழுதினாற் போதும். கோத்தகிரியிலும் புனலூரிலும் இருக்கும் பிள்ளைகள் தம் பங்கை எழுதுவார்களாக. ஆசிரியர்கள் இதனை ஒரு பயிற்சியாகக் கொடுப்பார்களாக. கோயில் நிர்வாகிகளும் வாசிகசாலைக்காரர்களும் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் கொடுத்து உதவுவார்களாக.

அழுகைக் கோச்சியில் ஏறியபோது இருபது வயதாயிருந்தவர்களுக்கு இன்று அறுபதுக்கு மேல். அவர்களிடம் கேட்பதற்கு நமக்கு அதிக காலம் இல்லை. நாளை பார்த்துக்கொள்வோம் என்று சோம்பியிராமல், இந்த வார இறுதியிலேயே ஒரு பெயரையாவது கேட்டு எழுதுங்கள் என்று வாசகரை வேண்டிக்கொள்கிறேன். முதலிற் பாட்டியின் பெயரைக் கேளுங்கள்.